பணிவு போதவில்லை

எங்கள் மெத்தைக் கம்பெனியில் வேலைக்குச் சேர ஒரு கையெழுத்துப் போதும். விலகுவதற்கு இலக்கியம் படைக்க வேண்டும்.

இது எனக்குச் சேரும்போது தெரியாது. அப்போது தெரிந்ததெல்லாம், அசல் பட்டச் சான்றிதழை அலுவலக இரும்பு அலமாரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டும்தான். "உங்க வீட்ட விட இங்க பத்திரமா இருக்கும்மா" என்றார்கள். மழை பெய்தால் எங்கள் வீட்டில் பாத்திரங்களெல்லாம் தரையில் ஆங்காங்கே பணியில் அமர்ந்துவிடும். ஆகவே நானும் நம்பிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அம்மா. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டத்தை அடகு வைத்த முதல் ஆளும் நானே.

படித்தது வேதியியல். பார்த்தது, புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. மெத்தை வாங்கியவர்கள் எழுதுவார்கள்: "வாங்கிய மாதமே நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது." நான் பதில் எழுதுவேன்: "வாழ்த்துகள். தங்கள் மெத்தை தங்கள் உடலோடு பழகத் தொடங்கியிருக்கிறது." ஸ்பிரிங் வெளியே வந்து முதுகில் குத்துகிறது என்பார்கள். "தங்கள் முதுகெலும்புக்குத் தேவையான தூண்டல் கிடைப்பதில் மகிழ்ச்சி" என்பேன். இப்படியே எழுதியெழுதி என் கை பொய்யில் நல்ல பக்குவத்துக்கு வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. படித்த படிப்புக்கு உரிய வேலை. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அதை அப்படியே எழுதித் தர வேண்டுமாம். கலந்திருப்பதைக் கலந்திருக்கிறது என்று எழுதச் சம்பளம் தரும் இடமும் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி. நிபந்தனை ஒன்றுதான். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலையில் அசல் சான்றிதழோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அன்றே எழுதினேன்: "ஐயா, நான் பணியிலிருந்து விலகுகிறேன். இம்மாத இறுதியில் என்னை விடுவித்து, என் சான்றிதழைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பணிவன்புடன்." கீழே கையெழுத்து.

எங்கள் பிரிவு மேலாளர், எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்பவர். அதனால் அவருக்கு ஆகட்டும் சார் என்றே பெயர். அவர் என் கடிதத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னம்மா இது, நாளையிலேருந்து பால் வேண்டாம்னு பால்காரனுக்கு எழுதி வச்ச மாதிரி இருக்கு?"

"விலகறேன்னுதானே சார் சொல்லணும்? சொல்லியிருக்கேன்."

"பணிவு எங்கம்மா?"

"பணிவன்புடன்னு போட்டிருக்கேனே."

"அது கீழ இருக்கு. மேல இல்ல, நடுவுல இல்ல. கால்ல மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டு மத்தபடி ஒண்ணுமே உடுத்தாம வந்த மாதிரி இல்ல இருக்கு!" என்று சொல்லிவிட்டு, உவமை கொஞ்சம் எல்லை மீறியதை உணர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆகட்டும், பாக்கலாம். மனிதவளத்துக்கு அனுப்பறேன்."

மனிதவளத் துறைத் தலைவியைப் புன்னகை மேடம் என்போம். யாரோ ஒருவருக்கு விபத்து என்று செய்தி வந்த நாளிலும் அந்தப் புன்னகையோடுதான் அறிவித்தார். அவர் மேசைக்கு எதிரே, வருகையாளர் கூடத்துச் சுவர் முழுக்க விலகல் கடிதங்கள் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தன. "இன்முகத்துடன் ஊழியர் விடைபெறும் நிறுவனம்" என்று எங்கள் கம்பெனி விருது வாங்கியிருக்கிறது. கொடுத்தது ஒரு சங்கம். சங்கத்தின் தலைவர் எங்கள் முதலாளி. வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டுவார்கள். படித்துவிட்டுக் கண் கலங்கி, நூறு மெத்தை கூடுதலாக எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கடிதங்களை எழுதியவர்களில் பாதிப்பேர் தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் உள்ளே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை வியாபாரிகளிடம் யாரும் சொல்வதில்லை.

புன்னகை மேடம் என் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். நூற்றுக்குப் பதினொன்று.

"பதினொண்ணும் எதுக்கு மேடம்?"

"தாள் சுத்தமா இருந்துச்சு. அதை மதிக்கணும் இல்லியா?" என்று புன்னகைத்தார். "பாரும்மா, நீ போறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. யாரையும் நாங்க பிடிச்சு வச்சதில்ல. ஆனா எப்படிப் போறேங்கறது இருக்கே, அது எங்க சொத்து."

தொண்ணூறுக்கு மேல் வாங்கினால்தான் கடிதம் முதலாளியின் பார்வைக்குப் போகும். முதலாளி ஒப்பினால்தான் அலமாரி திறக்கும். அதற்குமுன் "பண்போடு விலகுதல்" என்ற பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும்.

வகுப்பு ஒரு நீள அறையில் நடந்தது. நாற்காலிகள் கிடையாது. தரச் சோதனையில் தேறாத மெத்தைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் இடுப்புவரை உள்ளே போய்விடும். அந்த நிலையில் ஒரு மனிதனுக்குக் கோபம் வந்தாலும் எழுந்து நின்று காட்ட வழியில்லை. எனக்கு முன்பே பத்துப் பன்னிரண்டு பேர் புதைந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் கடிதம்.

தாள்களை விநியோகித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "சார், இது எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"சாரெல்லாம் வேணாம்மா. நானும் விலகறவன்தான்" என்றார்.

அவர்தான் வரைவு அண்ணன். இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். விலகல் கடிதம் கொடுத்தபோது அவர் மகள் முதல் வகுப்பு. இப்போது அந்தப் பெண் பூப்போட்ட குடை பிடித்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். இத்தனை காலமும் திருத்தித் திருத்தி எழுதியதில் அவருக்கு மொழி கைவந்துவிட்டது. அதைப் பார்த்து, ஸ்பேனரை வாங்கி வைத்துக்கொண்டு, பயிற்சி வகுப்புக்கு உதவியாளராகப் போட்டுவிட்டார்கள்.

"ஏண்ணே, இன்னுமா விடல?"

"தப்பு அவங்க மேல இல்லம்மா. மூணாவது பத்தி சரியா அமையல. நன்றிக்கு அப்புறம் ஏக்கம் வரணும். எனக்கு ஏக்கம் முந்திக்குது."

கிண்டல் பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பண்ணவில்லை.

புன்னகை மேடம் மேடையேறினார். மேடையில் மட்டும் மரநாற்காலி.

"அன்பானவங்களே, ஒரு ஊழியர் ஏன் போறாருங்கறது முக்கியமே இல்ல. போகும்போது எப்படித் தெரியறாருங்கறதுதான் முக்கியம். அழுதுக்கிட்டே போனா வெளியில இருக்கறவன் 'என்ன ஆச்சு'ன்னு கேப்பான். சிரிச்சுக்கிட்டே போனா யாரு கேப்பா? அதனால உங்க நன்மைக்காகத்தான் சொல்றோம், சிரிங்க. இங்க என்ன நடந்துச்சுன்னு நீங்களும் மறந்துடுங்க, நாங்களும் மறந்துடறோம். நாங்க ஏற்கெனவே மறந்துட்டோம்."

எல்லோரும் கைதட்டினோம். மெத்தைக்குள் கை மாட்டியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு விலக்கப்பட்ட சொற்களின் பட்டியலைத் திரையில் காட்டினார். "மன உளைச்சல்", "கூடுதல் நேரம்", "மூச்சுத்திணறல்", "கழிப்பறை". கடைசிச் சொல்லை எவரோ ஒருவர் உண்மையாகவே எழுதியிருந்தாராம். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் மேடத்தின் புன்னகை ஒரு பக்கம் சரிந்தது.

"அப்புறம், 'ஆனால்'ங்கற சொல்லே வரக்கூடாது. அது பிரிவினைச் சொல். அதுக்குப் பதிலா 'மேலும்'னு போடுங்க."

பயிற்சியாக எல்லோரும் எழுதினோம்: "இந்நிறுவனம் எனக்குத் தாய் போன்றது. மேலும் நான் போகிறேன்."

இரண்டாவது வரைவில் ஐம்பத்து நான்கு வாங்கினேன். குறிப்பு: "நன்றி பொதுவாக உள்ளது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லவும்."

இதைப் படித்துக் கீழே வைப்பதற்குள் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை நாள் என் பெயரே தெரியாமல் "ஏ, லெட்டர் பொண்ணு" என்று கூப்பிட்டவர்கள், ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் ஸ்பிரிங் பிரிவுத் தலைவர். "என் பேரு எங்கம்மா வருது?"

"உங்களுக்கு எதுக்கு சார் நன்றி?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நான் மட்டும் ஸ்பிரிங்கை ஒழுங்காப் போட்டிருந்தா இங்க எவன் புகார் எழுதியிருப்பான்? உனக்கு வேலைதான் ஏது? உன் சோத்துல நான் இருக்கேன்மா."

யோசித்துப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. எழுதிக்கொண்டேன்.

அடுத்து சரக்குப் பிரிவுத் தலைவர். "அந்த ஆள் பேரு எனக்கு மேலயா? ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியாது. நான் வண்டியில தார்ப்பாய் போடாம மழையில நனைய விட்டு அனுப்பறேனே, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். எது பெரிய பங்களிப்பு, நீயே சொல்லு."

ஆகட்டும் சாரும் வந்தார். "நான் எதையும் கேக்கறவன் இல்ல. நான் உன்னை எப்பவாவது திட்டியிருந்தா, அதை 'வழிகாட்டினார்'னு போட்டுக்க. 'எல்லார் முன்னாடியும்'ங்கறத விட்டுடு."

பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். சரக்கு முதலா ஸ்பிரிங் முதலா என்று இரண்டு பிரிவுகளும் ஒன்றோடொன்று பேசாமல், இரண்டு நாள் ஸ்பிரிங் இல்லாமலே மெத்தைகள் போயின. அதற்கு ஒரு புகாரும் வரவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நானாக விரும்பிச் சேர்த்த நன்றி ஒன்றே ஒன்றுதான். வாசல் காவலாளிக்கு. தாமதமாக வேலை முடியும் நாள்களில், நான் பேருந்து ஏறும்வரை வெளியே வந்து நிற்பார். அதைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: "காவலாளி ஒப்பந்த ஆள். நன்றிக்குரிய தரநிலையில் இல்லை."

மூன்றாவது வரைவு எழுபத்தெட்டு. இப்போது சிக்கல் காரணத்தில் வந்தது. புதிய வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதக்கூடாது, அது ஒப்பிடுதல். படித்த துறைக்குப் போகிறேன் என்று எழுதக்கூடாது, அது குறை சொல்லுதல். "சொந்தக் காரணம்" என்று போட்டேன். சொந்தக் காரணம் என்றால் சொந்தக்காரர் ஒருவர் வந்து உறுதி செய்ய வேண்டும் என்றார்கள்.

அம்மாவை அழைத்து வந்தேன். அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறவள். வேலை முடிந்து, நீலப் புடவையோடு, கையில் மருந்து வாசனையோடு நேராக வந்தாள். மெத்தையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அம்மா அதை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். "பரவால்ல, நிக்கறேன்" என்றாள்.

"அம்மா, உங்க பொண்ணு எங்கள விட்டுப் போறேங்கறா" என்றார் புன்னகை மேடம். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவதான் சொன்னா."

"உங்களுக்கு வருத்தமா இல்ல?"

"எனக்கு எதுக்கு வருத்தம்? அஞ்சு வருஷம் ஆசிட்டையும் உப்பையும் கலந்து படிச்சா. இங்க வந்து மெத்தைக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதறா. போகட்டும்னுதான் இருக்கேன்."

"அப்படியில்லம்மா. இது கம்பெனி இல்ல, குடும்பம்."

அம்மா மேடத்தை நிதானமாகப் பார்த்தாள். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பார்வைக்குத் தனி மரியாதை உண்டு.

"குடும்பமா? எங்க குடும்பத்துலயும் ஒருத்தி இருந்தா. மருமக பொறந்த வீட்டுக்குப் போறேன்னா, பொட்டியப் பிடுங்கி உள்ள வச்சுப் பூட்டிடுவா. ஊரே அவளைக் கொடுமைக்காரின்னுச்சு. அவ சிரிக்க மாட்டா, அதான் வித்தியாசம்."

மேடத்தின் புன்னகை அசையவில்லை. பேனா மட்டும் கையிலிருந்து நழுவியது. "உணர்ச்சிவசப்படறீங்க. இதை 'தாயார் நெகிழ்ந்தார்'னு பதிவு பண்ணிக்கறேன்."

"என்னத்தையோ பண்ணு. அந்தப் பேப்பரைக் குடுத்துடு தாயி. அது ஒண்ணுதான் எங்க வீட்டுல இருக்கற சொத்து."

"கொடுத்துடுவோம்மா. கடிதம்தான் இன்னும் கனியல."

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: "ஏண்டி, ஊரார் மெத்தைக்கெல்லாம் பொய் எழுதறியே, உனக்கு ஒண்ணு எழுதிக்க வரலியா?"

சுருக்கென்றது. உண்மைதான். இத்தனை நாளும் என் கடிதத்தை நான் நானாகவே எழுதிக்கொண்டிருந்தேன். அங்கங்கே என் பல் தெரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தைப் பழக்கம் என்று எழுதிய கையை எனக்காகப் பயன்படுத்தவே இல்லை.

பரிசோதனைக் கூடத்திலிருந்து தொலைபேசியில் நினைவூட்டினார்கள். "ஒண்ணாம் தேதி வந்துடுவீங்கல்ல? அசலோட?" வந்துவிடுவேன் என்றேன். மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது. உட்கார்ந்தேன். எழுதினேன்.

"இந்நிறுவனத்தில் சேர்வதற்கு முன் நான் உறங்கியிருக்கிறேன். உறக்கம் என்றால் என்ன என்பதை அறிந்ததில்லை. இங்கே எனக்குக் கிடைத்த ஒவ்வொரு கடுஞ்சொல்லும் பஞ்சாக என்னைத் தாங்கியது. ஸ்பிரிங் பிரிவுத் தலைவர் எனக்குள் இருந்த விசையைக் கண்டறிந்தார். சரக்குப் பிரிவுத் தலைவர் மழையிலும் தளராத மனத்தைக் கற்பித்தார். என் மேலாளர் 'ஆகட்டும்' என்று சொல்லும்போதெல்லாம் என் வாழ்வில் ஏதோ ஒன்று ஆனது. இத்தகைய இடத்தைவிட்டு ஒருவர் போகவே முடியாது. மேலும் நான் போகிறேன்."

நூற்றுக்கு நூறு. கம்பெனி வரலாற்றில் முதல் முறை. ஆகட்டும் சார் படித்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். ஸ்பிரிங்கும் சரக்கும் கட்டிப் பிடித்துக்கொண்டன. புன்னகை மேடம் அழுதார். புன்னகைத்தபடியேதான்.

வரைவு அண்ணன் மட்டும் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?"

"ஏண்ணே, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கறதுதான் பயமா இருக்கு. நான் தொண்ணூத்தாறு வரைக்கும் போனேன். முதலாளி படிச்சிட்டு, இவ்வளவு பாசமா இருக்கறவனை எப்படி விடறதுன்னுட்டாரு. அப்புறம் கொஞ்சம் கொறச்சு எழுதினா, பணிவு போதலன்னு திருப்பிட்டாங்க. விடற அளவு நடுவுல எங்கியோ இருக்கும்மா. அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

மாதத்தின் கடைசி நாள், காலையில் வந்ததுமே, எல்லோரையும் வருகையாளர் கூடத்துக்கு அழைத்தார்கள். முதலாளி வந்தார். எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். கட்டைவிரல் கனத்துக்கு ஒரு மோதிரம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எனக்குப் படிப்பு கம்மி. படிச்சவங்களைப் பாத்தா எனக்கு ரொம்ப மரியாதை. அதனாலதான் அவங்க சர்டிபிகேட்டை எல்லாம் நான் என் பக்கத்துலயே வச்சிருக்கேன். சில பேரு கேக்கறான், இது நியாயமான்னு. அட, மாட்டை வாங்கினா கயிறும் கூட வரும், அதுல என்ன நியாயம் அநியாயம்? இந்தப் பொண்ணு லெட்டரைப் படிச்சேன். ராத்திரி என் சொந்த மெத்தையில படுத்தும் தூக்கம் வரல. அது எப்பவும் வராது, அது வேற விஷயம். இப்படி நம்மள நேசிக்கிற பொண்ணு எதுக்குப் போகணும்? இதுல ஒரு காரணமும் இல்லியே! காரணம் இல்லாத ராஜினாமா செல்லாது."

கைதட்டல். நாளைக் காலை பரிசோதனைக் கூடத்தில் என் இடத்தில் வேறு ஒருத்தி வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு நிற்பாள்.

"செல்லாதுன்னு மட்டும் சொல்லி அனுப்பறவன் இல்ல நான்" என்று பெரியவர் தொடர்ந்தார். "இந்த நிமிஷத்துலேருந்து இந்தப் பொண்ணு விடைபெறல் பண்பாட்டு அலுவலர். தனி ரூம், சுத்தற நாற்காலி. இனிமே எவன் விலகல் கடிதம் குடுத்தாலும் இது சீல் வச்சாத்தான் செல்லும். இது சீல் வச்சதை நான் உட்பட எவனும் மாத்தக் கூடாது. அலமாரிச் சாவியும் இதுகிட்டயே இருக்கட்டும். நூத்துக்கு நூறு வாங்கின பொண்ணைத் தாண்டி எவன் போயிடறான்னு நான் பாக்கறேன்!"

உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்தாகி, சட்டம் போட்டுச் சுவரில் ஏறியது. விருதுச் சங்கத்துக்கு ஒரு நகல் போனது. வியாபாரிகளுக்கெல்லாம் போனது. என் கையில் ஒரு ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, நீளமான ஒரு சாவி.

புது அறையில் சுற்றும் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சம்பளம் எவ்வளவு உயரும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் புன்னகை மேடம் எட்டிப் பார்த்து, "முதல் கோப்பு எதுன்னு முடிவு பண்ணிட்டியாம்மா?" என்றார்.

"பண்ணிட்டேன் மேடம்."

என் கடிதத்தை எடுத்தேன். முத்திரையை மையில் ஒற்றி, பளாரென்று வைத்தேன்.

மேடம் குனிந்து பார்த்தார். "இது உன்னோடதுதானே?"

"ஆமா மேடம். நூத்துக்கு நூறு. நீங்கதானே போட்டீங்க."

"உன் கடிதத்தை நீயே எப்படிம்மா...? பெரியவர் செல்லாதுன்னுட்டாரே?"

"செல்லாதுன்னாரு. அதுக்கப்புறம் நான் சீல் வச்சதை அவரும் மாத்தக் கூடாதுன்னாரு. சுவத்துல மாட்டியிருக்கு மேடம். வேணும்னா இறக்கச் சொல்லுங்க. நகல் போன இடத்துக்கெல்லாம் 'தப்பா எழுதிட்டோம்'னு நான் பணிவா ஒரு கடிதம் போட்டுத் தரேன்."

அன்றுதான் புன்னகை இல்லாமல் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பாவம், களைத்த முகம். எவ்வளவு நாளாகத் தூங்கவில்லையோ. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "என்னோடது ஒண்ணு ட்ராயர்ல இருக்கு. அதுக்கும் வைப்பியா?"

"கொண்டாங்க மேடம்."

பயிற்சி அறையில் புதைந்திருந்தவர்களை ஒருவரையொருவர் கைகொடுத்து எழுப்பிக்கொண்டு வரச் சொன்னேன். வரிசை படிக்கட்டுவரை நின்றது. வாங்கினேன், வைத்தேன், சான்றிதழைக் கொடுத்தேன். மை தீர்ந்தபோது தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டேன். வேதியியல் படித்ததற்கு அந்தக் கட்டடத்தில் கிடைத்த ஒரே உபயோகம் அது. ஆகட்டும் சார் வாசலில் நின்று பார்த்தார். "ஆகட்டும், பாக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எல்லாம் ஆகிக்கொண்டிருந்தது.

கடைசியாக வரைவு அண்ணன். கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அதன் கனமே ஒரு தலையணை அளவு இருந்தது.

"குடுங்கண்ணே."

"ஒரு நாள் டைம் குடும்மா. மூணாவது பத்தியைப் பிரிச்சுப் போட்டுட்டா..."

"நான் நாளைக்கு இங்க இருக்க மாட்டேன். குடுங்க."

மார்பிலிருந்து பிரித்து நீட்டினார். மேலே இருந்த தாளில் அப்படியே முத்திரையை வைத்தேன்.

அண்ணன் திடுக்கிட்டார். "படிக்கவே இல்லியேம்மா!"

"படிச்சா விட மாட்டேண்ணே."

அலமாரியில் அடித்தட்டில் கிடந்தது அவருடைய தொழிற்பயிற்சிச் சான்றிதழ். மூலையில் ஒட்டியிருந்த படத்தில், தலை நிறைய முடியோடு ஒரு பையன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவனுக்கு எந்த மெஷினையும் காதுல கேட்டே பிரிக்கத் தெரியும்" என்றார், யாரோ தெரிந்த பையனைப் பற்றிச் சொல்வதுபோல.

என்னுடையதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்தேன். நானும் அண்ணனும் படியிறங்கி வந்தோம். காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வெயில். நடுப்பகலில் தெரு எப்படி இருக்கும் என்பதே எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

வாசற்படியில் கால் வைத்த அண்ணன் நின்றார்.

"ஒரே நிமிஷம்மா. பெரியவரைப் பாத்து ஒரு நன்றி மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்" என்று உள்ளே திரும்பினார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். பணிவாகத்தான் இழுத்தேன். ஒரு பட்டன்தான் தெறித்தது.